வாசலில் ஒட்டிய எண்: வேல்ஸில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை கற்றுக்கொண்டவை

வேல்ஸில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர் தன் கடையின் சுகாதாரத் தரத்தைக் காட்டும் ஸ்டிக்கரை வாசலில் ஒட்டியே ஆக வேண்டும். 2013 நவம்பர் 28 முதல் அது சட்டம். தரம் 0 முதல் 5 வரை. 5 என்றால் மிக நன்று, 3 என்றால் பொதுவாகத் திருப்தி, 0 என்றால் உடனடியாகத் திருத்தம் தேவை.

தென் வேல்ஸில் ஒரு சிறிய ஊரில் என் மாமி கடை வைத்திருக்கிறார். கொத்து ரொட்டி, தோசை, மட்டன் ரோல்ஸ், சோறு கறி. அந்தக் கடைக்குக் கிடைத்த முதல் தரம் 1. 'பெரிய அளவில் திருத்தம் தேவை' என்று அர்த்தம். மாமியின் குசினியைத் தெரிந்தவர்கள் யாரும் அதை நம்பவில்லை. இரவு கடை பூட்டிய பிறகு முழங்காலில் இருந்து தரை தேய்க்கிறவர் அவர். அடுப்பை இழுத்துப் பின்பக்கம் கழுவாமல் வீட்டுக்குப் போக மாட்டார்.

அந்தக் கடிதம் வந்த பிறகு கடையின் கடதாசி வேலைகளை நான் பொறுப்பெடுத்தேன். பிறகு தெரிந்த இன்னும் சில தமிழ்க் கடைகளுக்கும் இதே வேலையில் கை கொடுத்திருக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே இடத்தில்தான் புள்ளி போகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புள்ளி எப்படிப் போடுகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கவுன்சிலின் சுகாதார அதிகாரி முன்னறிவிப்பில்லாமல் வருவார். மூன்று விடயங்களைப் பார்ப்பார். உணவை எப்படிக் கையாள்கிறீர்கள்: சமைப்பது, ஆற வைப்பது, சூடாக்குவது, பச்சை இறைச்சியைத் தனியாக வைப்பது. அடுத்தது கட்டடத்தின் நிலையும் சுத்தமும். மூன்றாவது, நிர்வாகத்தின் மேல் அவருக்கு இருக்கும் நம்பிக்கை. அதாவது, நான் போன பிறகும் இந்தக் குசினி இப்படியே இருக்குமா என்ற கேள்விக்கு அவர் தனக்குள் சொல்லிக்கொள்ளும் பதில். ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. இங்கே புள்ளி குறைவாக இருப்பதுதான் நல்லது. முதல் இரண்டிலும் 0 முதல் 25 வரை, மூன்றாவதில் 0, 5, 10, 20, 30 என்று போகும்.

மொத்தம் 15-க்குள் இருந்தால் தரம் 5. ஆனால் மொத்தம் மட்டும் போதாது, மூன்றில் எதுவும் 5-ஐத் தாண்டக்கூடாது. 4-க்கும் 3-க்கும் எந்தப் பகுதியும் 10-ஐத் தாண்டக்கூடாது. 2 கிடைக்க 15-தான் எல்லை. மாமிக்கு உணவு கையாள்வதில் 10, கட்டடத்தில் 10, நிர்வாகத்தில் 20. மொத்தம் 40. மொத்தத்தை மட்டும் பார்த்தால் தரம் 2 வந்திருக்கும். ஆனால் நிர்வாகத்தில் வந்த அந்த 20 கடையை 1-க்கு இறக்கிவிட்டது. யோசித்துப் பாருங்கள், மற்ற இரண்டிலும் பூஜ்ஜியம் வாங்கிய பளபளப்பான குசினியாக இருந்தாலும், மூன்றாவதில் 20 விழுந்தால் 1-க்கு மேல் போக முடியாது. பாதுகாப்பு முறைகளை எழுதி வைக்காத கடைக்கு அந்த 20 மிகச் சுலபமாக விழும்.

"இத்தனை வருசமாச் சமைக்கிறன். ஒருத்தருக்கும் வயித்துக்குத்துக்கூட வந்ததில்லை. இதையெல்லாம் எழுதிக் காட்டோணுமே?" என்று மாமி கேட்டார். யாழ்ப்பாணத்தில் பி.எச்.ஐ. என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் என்ன நடக்கும் என்பதுதான் அவர் மனதில் இருந்தது. அங்கே பி.எச்.ஐ. வழக்குப் போடுவார், நீதிமன்றம் கடைக்குச் சீல் வைக்கச் சொல்லும். அந்தப் பயத்தோடு வளர்ந்தவர்கள் அதிகாரி கேட்கும் கேள்விக்கு ஆகக் குறைந்த வார்த்தைகளில் பதில் சொல்வார்கள். மாமியும் ஆம், இல்லை என்றே சொல்லியிருக்கிறார். இங்கே அது எதிராக வேலை செய்கிறது. நீங்கள் செய்வதை நீங்களே விளக்காவிட்டால் உங்களுக்குத் தெரியாது என்றுதான் அதிகாரி எடுத்துக்கொள்ள முடியும்.

தீர்ப்பில் உடன்பாடில்லை என்றால் 21 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சனி ஞாயிறும் அதில் அடக்கம். அறிக்கையை வரிக்கு வரி வாசித்தோம். அதில் எழுதியிருந்த எதுவும் பொய்யில்லை. மேல்முறையீடு செய்யவில்லை. அந்தக் காலம் முடிந்ததும் 1 என்ற ஸ்டிக்கர் கண்ணாடிக் கதவில் ஏறியது.

அது கடினமான காலம். கதவு வரை வந்து, எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்களை மாமி கல்லாவில் நின்றபடி பார்த்தார். வழக்கமாக வருகிறவர்கள்கூடத் தயங்கினார்கள். ஸ்டிக்கருக்கு மேல் மெனுவை ஒட்டு, பூச்சாடியை வை என்று புத்தி சொல்ல ஆட்கள் வந்தார்கள். அதைச் செய்யவே கூடாது. வேல்ஸில் ஸ்டிக்கரை ஒழுங்காகக் காட்டாவிட்டால் 200 பவுண் அபராதம். தொலைபேசியில் ஒருவர் "உங்கள் கடைக்கு என்ன ரேட்டிங்?" என்று கேட்டாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், அதுவும் சட்டம்.

மாமி அவ்வளவு வேதனைப்பட்டதைப் பார்த்தும், வாசலில் எண்ணை ஒட்டச் சொல்லும் சட்டம் சரி என்றே நான் நினைக்கிறேன். அது ஏன் வந்தது என்று தெரிந்தால் வேறு மாதிரி நினைக்க முடியாது. 2005 செப்டம்பரில் தென் வேல்ஸில் ஈ.கோலை ஓ157 கிருமி பரவியது. 150-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். ஐந்து வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். பள்ளிச் சாப்பாட்டுக்குச் சமைத்த இறைச்சி அனுப்பிய வியாபாரி, பச்சை இறைச்சிக்கும் சமைத்த இறைச்சிக்கும் ஒரே வாக்குவம் பொதி இயந்திரத்தைப் பயன்படுத்தியிருந்தார். பேராசிரியர் ஹியூ பென்னிங்டன் நடத்திய பொது விசாரணையின் அறிக்கை 2009-இல் வந்தது. அந்த வியாபாரி பாதுகாப்புப் பதிவேடுகளைப் பொய்யாக நிரப்பியிருந்தார் என்பதும், அதிகாரிகளிடம் பொய் சொன்னார் என்பதும் அதில் இருக்கிறது. அதற்கு அடுத்த ஆண்டு எஃப்.எஸ்.ஏ. என்ற உணவுத் தர முகமை இந்த 0 முதல் 5 வரையான திட்டத்தைத் தொடங்கியது. பிறகு அதை வாசலில் ஒட்டுவதை வேல்ஸ் கட்டாயமாக்கியது, 2016-இல் வட அயர்லாந்தும் கட்டாயமாக்கியது.

சரி, நாங்கள் செய்த மாற்றங்களுக்கு வருகிறேன். முதலில் சோறு, ஏனெனில் நம் சமையலில் அதிகாரியின் கண் முதலில் போகும் இடம் அதுதான். மத்தியானம் பெரிய சட்டியில் வடித்த சோற்றை மூடி, துவாய் போட்டு, மேசையில் ஆற விட்டு, பின்னேரம் கொத்துக்கும் ஃபிரைட் ரைஸுக்கும் எடுப்பது மாமியின் வழக்கம். ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பிரச்சினை என்னவென்றால், அரிசியில் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். கொதிக்கிற தண்ணீரிலும் அவை சாகாது. இளஞ்சூட்டில் சோறு கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. பெரிய சட்டியின் நடுப்பகுதி மணிக்கணக்காக இளஞ்சூட்டிலேயே இருக்கும்.

இப்போது சோற்றை அகலமான எவர்சில்வர் தட்டுகளில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புகிறோம். குசினியில் ஆகக் குளிரான மூலையில் தட்டுகளை வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைப்பதில்லை. உடனே பரிமாறும் சோறு 63 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்காமல் சூட்டுப் பெட்டியில் இருக்கும். ஒரே தடவையில் பெரிய சட்டி வடிப்பதை விட்டு, இரண்டு மூன்று தடவையாகச் சிறிது சிறிதாக வடிப்பது இன்னும் நல்லது. மாமிக்கு அது ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. ஆனால் பின்னேரம் வருகிறவர்களுக்குப் புதுச் சோறு கிடைத்ததும் அவரே அதைத் தொடர்ந்தார்.

ஆட்டிறைச்சிக் கறிக்கும் இதே கதைதான். ஆழமான பானையில் கறி ஆறவே ஆறாது. சிறு பாத்திரங்களில் பிரித்து, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கிளறினால் வேகமாக ஆறும். எடுக்கும்போது தேவையான அளவை மட்டும் எடுத்து, நடுவில் 75 பாகை வரும்வரை சூடாக்க வேண்டும். அதுவும் ஒரு தடவைதான். மிஞ்சினால் கொட்ட வேண்டும். இதற்கெல்லாம் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வேண்டும், விலையும் அதிகமில்லை. அது சரியாகக் காட்டுகிறதா என்று ஐஸ் தண்ணீரிலும் கொதி தண்ணீரிலும் அவ்வப்போது வைத்துப் பாருங்கள். ஐஸில் 0-க்குப் பக்கத்திலும் கொதிப்பில் 100-க்குப் பக்கத்திலும் காட்ட வேண்டும். அதிகாரி இதைக் கட்டாயம் கேட்பார்.

தோசை மாவுதான் எனக்குத் தலையிடி தந்தது. இரவு முழுக்க வெளியில் வைத்துப் புளிக்க விடும் மாவை, இதைப் பழகாத ஒருவர் பார்த்தால் ஃபிரிட்ஜில் வைக்க மறந்த சாப்பாடு என்றே நினைப்பார். அவரோடு வாதாடிப் பயனில்லை. நான் ஒரு பக்கத்தில் எழுதி வைத்தேன்: உளுந்தும் அரிசியும் எவ்வளவு நேரம் ஊறுகிறது, அரைத்த நேரம், புளிக்கும் நேரம், புளித்ததும் புளிப்பளவைக் காட்டும் பி.எச். தாளில் பார்த்த அளவு, உடனே ஃபிரிட்ஜ், எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும், கல்லில் நன்றாக வேக வேண்டும். புளிப்பு ஏறுவதுதான் கெட்ட கிருமிகளைத் தடுக்கிறது என்று ஒரு வரியும் சேர்த்தேன். அடுத்த தடவை வந்த அதிகாரி அந்தப் பக்கத்தை முழுதாக வாசித்தார், இரண்டு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். இடியப்பம், தேங்காய்ச் சம்பல், மோர் மிளகாய் என்று அதிகாரிக்குப் பழக்கமில்லாத எதுவானாலும் இப்படி ஒரு பக்கம் எழுதி வையுங்கள். சம்பல் சமைக்காத உணவு, கையால் பிசைவது. அன்றன்றைக்குச் செய்து, ஃபிரிட்ஜில் வைத்து, அன்றே முடிப்பது என்று முடிவெடுத்தோம்.

ரோல்ஸுக்கு ஒரு விதி தெரிந்திருந்தால் போதும். சூடாக வைத்து விற்பதை 63 பாகைக்குக் கீழே ஒரே ஒரு தடவை இரண்டு மணி நேரம் வரை வைக்கலாம். குளிராக வைக்க வேண்டியதை 8 பாகைக்கு மேல் ஒரு தடவை நான்கு மணி நேரம் வரை வைக்கலாம். தட்டில் அடுக்கும்போதே நேரம் எழுதிய சிறு சீட்டை ஒட்டிவிடுங்கள்.

கை கழுவும் தொட்டியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அதிகாரிகள் உள்ளே வந்ததும் பெரும்பாலும் முதலில் தங்கள் கையைக் கழுவுவார்கள். அந்த ஒரு செயலிலேயே சுடுதண்ணீர் வருகிறதா, சவர்க்காரம் இருக்கிறதா, காகிதத் துவாய் இருக்கிறதா, தொட்டிக்குள் கரண்டிகளும் கறிவேப்பிலையும் கிடக்கின்றனவா என்று எல்லாம் தெரிந்துவிடும். நான் போன கடைகளில் பாதிக்கு மேல் அந்தத் தொட்டியில் ஏதோ ஒரு சட்டி ஊறிக்கொண்டிருந்தது. கை கழுவும் தொட்டியில் கை மட்டும்தான். இடம் போதவில்லை என்றால் வேறு எதையாவது குறையுங்கள், அதைத் தொடாதீர்கள்.

இனி அந்த 20 புள்ளிக்கு வருகிறேன். சிறு கடைகளுக்கென்று எஃப்.எஸ்.ஏ. 'சேஃபர் ஃபுட் பெட்டர் பிசினஸ்' என்ற கடதாசிக் கோப்பு ஒன்றை இலவசமாகத் தருகிறது. இணையத்தில் எடுத்து அச்சடிக்கலாம். கழுவுவது, சமைப்பது, குளிர்விப்பது, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கிருமி தாவாமல் பார்ப்பது என்று நான்கு பகுதி. ஒவ்வொரு பக்கத்திலும் 'இதை நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?' என்று காலி இடம் இருக்கும். அதில் புத்தக மொழி தேவையில்லை, கடையில் உண்மையாக நடப்பதை எழுதினால் போதும். கூடவே ஒரு நாட்குறிப்பு. காலையில் திறக்கும்போது பார்த்தவை, இரவு மூடும்போது பார்த்தவை, ஏதாவது பிழை நடந்திருந்தால் அதற்கு என்ன செய்தீர்கள், ஒரு கையெழுத்து. நான்கு வாரத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்து எழுத ஒரு பக்கம். ஒரு நாளுக்கு இரண்டு நிமிட வேலை.

ஞாயிற்றுக்கிழமை இரவு உட்கார்ந்து முழு வாரத்தையும் ஒரே பேனாவில் நிரப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாளைய பக்கத்தில் இன்றைக்கே கையெழுத்து இருந்த நாட்குறிப்பையும் பார்த்திருக்கிறேன். அதிகாரிகளுக்கு அது ஒரு பார்வையில் தெரியும். அதைவிடப் பெரிய விடயம், தென் வேல்ஸில் அந்தப் பிள்ளை இறந்த கதையில் இருந்ததும் இப்படி நிரப்பிய கடதாசிதான். எங்கள் நாட்குறிப்பில் ஒரு நாள் 'ஃபிரிட்ஜ் 11 பாகை காட்டியது, கதவு ரப்பர் கிழிந்திருந்தது, உள்ளே இருந்த சமைத்த கோழியைக் கொட்டினோம், ஆள் கூப்பிட்டோம்' என்று இருக்கிறது. மாமி அதை அதிகாரிக்குக் காட்டவே பயந்தார். உண்மையில் அந்தப் பக்கம்தான் எங்களுக்கு உதவியது. குறையே இல்லாத நாட்குறிப்பை யாரும் நம்புவதில்லை.

வேலைக்கு நிற்கிற பிள்ளைகளையும் அதிகாரி கேட்பார். எங்கள் கடையில் சமைக்கும் தம்பிக்கு ஆங்கிலம் குறைவு. கிருமிநாசினி தெளித்தபின் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று முதல் தடவை கேட்டபோது அவன் சும்மா நின்றிருக்கிறான். போத்தலில் அந்த நேரம் எழுதியிருக்கும், கிருமியைக் கொல்லும் என்று சோதித்ததைக் காட்டும் பி.எஸ். இ.என். 1276 என்ற குறியும் இருக்க வேண்டும். தெளித்த உடனே துடைத்தால் வேலை நடக்காது. முதலில் அழுக்கைக் கழுவி, பிறகு தெளித்து, சொன்ன நேரம் விட்டு, காகிதத்தால் துடைப்பது: இந்த ஒழுங்கைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பச்சை இறைச்சி ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில், சிவப்புப் பலகையில், என்பதையும் ஒட்டினேன். தமிழில் எழுதியிருப்பதைப் பற்றி அதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று அவனையே கேட்டார். அவன் கையால் செய்து காட்டினான்.

எல்லாம் முடிந்ததும் மறுபரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தோம். அதற்குக் கட்டணம் உண்டு. மறுபரிசோதனையும் சொல்லிவிட்டு வருவதில்லை, எண் ஏறலாம், இறங்கவும் செய்யலாம். அதனால் திருத்தங்களைச் செய்து முடித்து, நாட்குறிப்பில் சில வாரப் பக்கங்கள் சேர்ந்த பிறகு விண்ணப்பியுங்கள். கடிதம் வந்த மறுநாளே காசைக் கட்டி விண்ணப்பிப்பது வீண்.

எங்களுக்குக் கிடைத்தது 4. கையாள்வதில் 5, நிர்வாகத்தில் 5, கட்டடத்தில் 10. மொத்தம் 20. பின்கதவுக்குக் கீழே பென்சில் நுழையும் இடைவெளி இருந்தது, சுண்டெலிக் குட்டிக்கு அது போதும். தரையிலும் தட்டோடுகள் பெயர்ந்திருந்தன. இரண்டும் கட்டட உரிமையாளர் செய்ய வேண்டியவை, எழுதிக் கேட்டும் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அதிகாரி பார்ப்பது கடை நடத்துகிறவரைத்தான். கதவுக்குக் கீழே தூரிகைப் பட்டையை நாங்களே வாங்கிப் பொருத்தினோம். இப்போது குத்தகை எழுதும்போதே தரை, சுவர், கதவு யார் பொறுப்பு என்று எழுதச் சொல்லி எல்லோருக்கும் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் கதை வேறு. அதே அதிகாரிகள், அதே புள்ளி முறை, ஆனால் வாசலில் ஒட்டுவது கடைக்காரரின் விருப்பம். 5 வாங்கியவர் ஒட்டுவார், 1 வாங்கியவர் ஒட்டமாட்டார். லண்டனில் உறவினரைப் பார்க்கப் போகும்போது வெறும் கண்ணாடிக் கதவைக் கண்டால் தொலைபேசியில் எஃப்.எஸ்.ஏ. இணையதளத்தைத் திறந்து கடைப் பெயரைப் போட்டுப் பார்க்கிறேன். அநேகமாக எல்லாக் கடைகளின் தரமும் அங்கே இருக்கிறது. இங்கிலாந்திலும் கட்டாயமாக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். ஒழுங்காக உழைத்து 5 வாங்கிய கடைக்கு வேறு எப்படி நியாயம் கிடைக்கும்? ஸ்காட்லாந்தில் எண்ணே இல்லை, 'பாஸ்' அல்லது 'முன்னேற்றம் தேவை' என்ற இரண்டுதான்.

சாப்பிடப் போகிறவர்களுக்கும் ஒன்று. இந்த எண் ருசியைப் பற்றியதில்லை, ஒவ்வாமைத் தகவலைப் பற்றியதும் இல்லை. கடுகும் எள்ளும் இங்கே அறிவித்தே ஆக வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலில் இருக்கின்றன. நம் தாளிதத்தில் கடுகு இல்லாத கறி ஏது? பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். 5 ஒட்டிய கடையிலும் ஒவ்வாமை உள்ளவர் வாய்விட்டுக் கேட்கத்தான் வேண்டும். எந்த உணவில் எது இருக்கிறது என்ற தகவலைத் தர வேண்டியது கடைக்காரர் கடமை.

கடை வாங்க யோசிக்கிறவர்கள் வாசலில் உள்ள 5-ஐப் பார்த்து விலை பேசாதீர்கள். வேல்ஸில் நடத்துகிறவர் மாறியதும் அந்த எண் செல்லாது, பழைய ஸ்டிக்கரைக் கழற்ற வேண்டும். திறப்பதற்கு 28 நாட்களுக்கு முன்பே கவுன்சிலில் பதிய வேண்டும். பதிவுக்குக் காசு இல்லை. பாதுகாப்பு முறைகளை எழுதும் கோப்பை அன்றைக்கே தொடங்கி, முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன் உங்கள் சோறு ஆற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று வெப்பமானி வைத்துப் பார்த்து எழுதிவிடுங்கள்.